முன்பாரம் இல்லாமல் இழுக்க மாட்டேன்

கொக்கியில் பாரம் உட்காராத வண்டியை நான் இழுக்க மாட்டேன். வேலையில் இருந்தபோதும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற இப்போதும் அதையேதான் சொல்வேன். இதற்காகத் திமிர் பிடித்தவள், அடங்காதவள், பேச்சுக்குப் பேச்சு பேசுகிறவள் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். நான் ஓட்டிய வண்டியில் ஏறியவர்கள் எல்லோரும் தங்கள் காலால் இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

வண்டிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். என்ஜினைப் பற்றியோ கியரைப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்த, சக்கரம் வைத்த அறை மாதிரியான ஒரு சின்ன கேம்பர் டிரெய்லரைப் பற்றியும், அதன் முன்பக்கத்தில் எவ்வளவு பாரம் இருக்க வேண்டும் என்பதற்காக நான் போட்ட சண்டைகளைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன்.

சுனாமிக்கு மறு வருடம் அது. மரக்காணம் கடற்கரைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படகும் வலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மருத்துவ அறக்கட்டளை வானூரில் ஒரு ஷெட் பிடித்து, உப்பளத்தில் கூலி வேலை செய்கிற பெண்களுக்கு வாரா வாரம் வெள்ளிக்கிழமை வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த நான் அங்கே வண்டிப் பிரிவுப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றதும் பெரிய ஆள் படையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான், ஒரு பழைய ஜீப், சாமான் ஏற்றி இறக்க ஏழுமலை என்ற உதவியாளர். அவ்வளவுதான் பிரிவு. ஜீப்பை நானே ஓட்டினேன். பெட்ரோல் பங்கில் டீசல் போடுகிறவர்கூட "டிரைவர் எங்கம்மா" என்று பின் சீட்டில் தேடுவார்.

உப்பளத்தில் வைத்தியம் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே மறைவு என்பதே கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை பாத்தியும் உப்புக் குவியலும் வெயிலும்தான். காலில் வரும் புண்ணோடு அந்தப் பெண்களின் பாடு முடிவதில்லை. ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து அடக்கிக்கொண்டே வேலை செய்கிறவர்களுக்கு வெளியில் சொல்ல முடியாத தொல்லைகள் எத்தனையோ வரும். எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா முதல் தடவை ஜீப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, வந்தவர்கள் எல்லோரும் தலைவலி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அஞ்சலை என்பவர்தான் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"ஏம்மா நர்சம்மா, அந்தாண்ட மேஸ்திரி பாக்கறான், இந்தாண்ட லாரிக்காரன் பாக்கறான். இவனுங்க முன்னாடி எனக்கு எங்க நோவுதுன்னு எப்படிக் காட்டறது? கதவு இருக்கற எடமாப் பாத்துக் கூப்புடு, வர்றேன்."

அஞ்சலைக்குச் சர்க்கரை நோய் இருந்தது. வலது பாதத்தில் ஒரு புண், உப்புத் தண்ணீரிலேயே நின்று நின்று ஆழமாக இறங்கியிருந்தது. வாரம் தவறாமல் நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று ஸ்டெல்லா என்னிடம் தனியாகச் சொன்னாள். ஆக, கதவு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். அதற்காகத்தான் டிரெய்லர் வாங்கினோம். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிப் பக்கம் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்புகிற அவசரத்தில் இரண்டு டிரெய்லர்களை விற்றார்கள். ஒன்று பெரியது. கட்டில், சமையல் மேடை, கக்கூஸ் எல்லாம் இருந்தன. இன்னொன்று சின்னது. ஒருவர் படுக்கலாம், இரண்டு பேர் நிற்கலாம், ஒரு கதவு, அவ்வளவுதான். எங்கள் செயலாளர் பெரியதன் உள்ளே போய் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்து அதன்மேல் மனசை வைத்துவிட்டார். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். ஆனால் வகுப்பில் யாரும் எழுந்து மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"ஏம்மா, ஜீப்பு இத்த இழுக்காதா?"

"இழுக்கும் சார்."

"அப்புறம் என்ன?"

"இழுக்கறது பெரிய விஷயமில்ல சார். நிறுத்தினா நிக்கணும். ஜீப்பு திரும்பற பக்கம் அது வரணும், அது திரும்பற பக்கம் ஜீப்பு போவக் கூடாது."

"கக்கூஸ் வேற இருக்குதும்மா."

"கக்கூஸ் இருக்குது சார். அதைத் தாங்கற ஜீப்புதான் நம்மகிட்ட இல்ல."

டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சக்கரத்தில் உட்காருவதில்லை. அதில் ஒரு பங்கு முன்னால் வந்து இழுக்கிற வண்டியின் கொக்கியில் உட்காரும். நம் பக்கத்தில் மாட்டு வண்டிக்காரர்கள் இதை முன்பாரம் என்பார்கள். ஒவ்வொரு ஜீப்பின் கொக்கிக்கும் இவ்வளவு முன்பாரம்தான் தாங்கும் என்று ஒரு எல்லை உண்டு. பெரியதை மாட்டினால் எங்கள் ஜீப்பின் பின்பக்கம் தரையைத் தொட்டுவிடும், முன் சக்கரம் ரோட்டைப் பிடிக்காது. அதோடு, விற்கிறவர் சொல்கிற எடை காலி வண்டியின் எடை. நீங்கள் இழுக்கப் போவது காலி வண்டியை அல்ல. தண்ணீர், மருந்து, மேஜை, பாத்திரம், கூடவே யாராவது கடைசி நிமிடத்தில் தூக்கிப் போடுகிற நாற்காலிகள், இத்தனையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"நீங்க எதுக்கெடுத்தாலும் முடியாதுன்னுதான் ஆரம்பிக்கறீங்க" என்றார் செயலாளர்.

"ஆமா சார். முடியும்னு சொல்றதுக்கு நெறைய பேரு இருக்காங்க, அவங்கள்ல ஒருத்தரும் வண்டி ஓட்டப் போறதில்ல."

சின்னதைத்தான் வாங்கினோம். அவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வாங்குகிற இடத்தில் வருகிற மனஸ்தாபத்தை ரோட்டில் வருகிற மனஸ்தாபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

உப்பளத்துப் பெண்கள் அதற்குப் பொட்டி வண்டி என்று பெயர் வைத்தார்கள். கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. முதல் வெள்ளிக்கிழமையே வரிசை நின்றது. தலைவலி மாத்திரை ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே ஏழுமலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரம்மதேசத்துக்காரர். பல வருடம் சொந்த மாட்டு வண்டியில் நெல்லும் உப்பும் ஏற்றியவர். சாமான் ஏற்றுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் அடுக்கிய பெட்டி ரோட்டில் ஒரு இம்மி நகராது. ஏற்றி முடித்ததும் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜீப்பின் கொக்கியில் மாட்டுகிற டிரெய்லரின் முன்கட்டையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்ப்பார். ஏர்க்கால் என்றுதான் அதைச் சொல்வார். அது எழும்பினால் அவருக்குத் திருப்தி.

"கை தூக்குது மேடம். மாட்டிடலாம்."

எழும்பாவிட்டால் உள்ளே போய் எதையோ பின்னுக்கு நகர்த்திவிட்டு வந்து மறுபடி தூக்குவார். நான் அதை ஒரு நேர்த்தி என்று நினைத்து மெச்சிக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தோம். போகும்போது டிரெய்லர் லேசாக வாலை ஆட்டும். திரும்பி வரும்போது சொன்ன பேச்சைக் கேட்கும். "கடல் காத்து மேடம்" என்றார் ஏழுமலை. வரும்போது மட்டும் காற்று எங்கே போகிறது என்று ஸ்டெல்லா கேட்டாள். "மாடு கூட அப்படித்தான் சிஸ்டர். வேலைக்குப் போறப்ப முரண்டு பண்ணும், வீட்டுக்குத் திரும்பறப்ப தானா வரும்" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் சிரிக்க முடியவில்லை. அனுமந்தை தாண்டி நேர் ரோட்டில் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். சென்னைக்குப் போகிற பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு எங்களை ஒட்டி முந்தியது. அது கிளப்பிய காற்றில் பொட்டி வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டது. இடது கண்ணாடியில் அது தெரிந்தது. அடுத்த நொடி வலது கண்ணாடியில் தெரிந்தது. ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரியதாக இருந்தது. ஜீப்பின் பின்பக்கத்தை யாரோ பிடித்து இழுத்து உலுக்குகிற மாதிரி இருந்தது. இடது பக்கம் ரோடு சரிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஏசுவைக் கூப்பிட்டாள்.

"பிரேக்கு மேடம், பிரேக்கப் போடுங்க" என்று பின்னாலிருந்து ஏழுமலை கத்தினார்.

"வாய மூடிட்டு உக்காருங்க."

என் காலுக்கும் பிரேக் போடத்தான் ஆசை. யாருடைய காலுக்கும் அதுதான் ஆசை. அந்த நேரத்தில் ஜீப்பின் பிரேக்கை மிதித்தால் ஜீப் தயங்கும், பின்னால் வருவது தயங்காது. அது தள்ளிக்கொண்டு வந்து நம்மைக் குறுக்கே மடக்கிப் போட்டுவிடும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தாலும் அதே கதிதான், ஆட்டத்துக்கு நாமே தாளம் போடுகிறோம் என்று அர்த்தம். நான் ஆக்சிலேட்டரை விட்டேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. ஓரம் கட்டினேன்.

விஷயம் செயலாளர் காதுக்குப் போனது. பொட்டி வண்டியை விற்றுவிடலாமா என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பியது. பெண்பிள்ளை பார்த்து வாங்கிய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னதாகவும் கேள்வி. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. வண்டியில் கோளாறு இருந்தால் கண்டுபிடிப்பேன், கண்டுபிடிக்கும் வரை யாரும் விற்பதைப் பற்றிப் பேசக் கூடாது என்று செயலாளரிடம் போய்ச் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னேன்.

ஸ்டெல்லாவின் கேள்வி என் மண்டையில் நின்றுகொண்டிருந்தது. போகும்போது ஆடுவது வரும்போது ஏன் ஆடுவதில்லை? போகும்போது இருந்து, வரும்போது இல்லாதது எது? தண்ணீர். வானூரில் நிரப்பிக்கொண்டு போகிற நல்ல தண்ணீர்த் தொட்டி டிரெய்லரின் கடைசியில் இருந்தது. உப்பளத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும், காலித் தொட்டியோடு திரும்புவோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரமாக மாட்டு வண்டி வேகத்தில் மரக்காணம் போய், உப்பு லாரிகளை நிறுத்துப் பார்க்கிற எடை மேடைக்கு நேராக விட்டேன்.

"உள்ள என்ன, உப்பா?" என்றார் எடை போடுகிறவர்.

"மருந்துங்க."

"மருந்தை லாரி மேடையில நிறுக்கறவங்கள இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பொட்டி வண்டியை மட்டும் கழற்றி நிறுத்தினோம். அறுநூற்றுச் சொச்சம் கிலோ. பிறகு சமதரையில் சக்கரத்துக்குக் கல் வைத்து, செங்கல் அடுக்கி, அதன்மேல் ஸ்டெல்லா நோயாளிகளை நிறுத்துப் பார்க்கிற மெஷினை வைத்து, கொக்கியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் முன்கட்டையை அதன்மேல் உட்கார வைத்தோம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது, முடிந்தால் அதற்கும் கொஞ்சம் மேலே அங்கே இருக்க வேண்டும். அறுபது எழுபது கிலோ காட்டியிருக்க வேண்டிய முள் பதினெட்டில் நின்றது.

"எம் பையன் எடை" என்றாள் ஸ்டெல்லா. அவள் மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு.

முன்பாரம் இல்லாத டிரெய்லரை ஜீப் இழுக்கிறது என்பது பெயருக்குத்தான். பின்னால் பாரம் இருந்தால், சின்னத் தள்ளு ஒன்று போதும், வால் வீச ஆரம்பித்துத் தலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஏழுமலையின் முகம் சுருங்கிப்போனது.

"சாமானெல்லாம் நாந்தான் மேடம் பின்னாடி தள்ளி வெச்சேன். ஜீப்புக்குக் கழுத்து நோவக் கூடாதுன்னுதான் பண்ணேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்திப் புண்ணாகிவிடும். அதனால் நல்ல வண்டிக்காரன் ஒற்றைக் கை தூக்குகிற அளவுக்குத்தான் முன்பாரம் வைப்பான். அந்த இரக்கத்தை அப்படியே கொண்டுவந்து ஜீப்புக்குக் காட்டியிருக்கிறார் மனிதர்.

"ஏழுமலை, அதுக்குக் கழுத்து இல்லைங்க."

"இருக்குது மேடம். எங்க கட்டறீங்களோ அதான் கழுத்து."

"சரி, கழுத்துதான். உங்க மாடு நடந்துது. இது அறுபதுல ஓடுது. இதும் கழுத்துல நல்லா அழுத்தினாத்தான் பின்னாடி வர்றது அடங்கி வரும். இதுக்கு நோவாது, நோவாம இருந்தாத்தான் நம்ம உயிரு போவும்."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் மனசு ஆறவில்லை என்பது மறு வாரம் தெரிந்தது. நான் ஷெட்டுக்கு வரும்போது ஜீப் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருந்துப் பெட்டி, மேஜை, குடம் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் முன்னால் கொண்டுவந்து அடைத்திருந்தார்.

"இப்ப நாலு ஆளு சேர்ந்தாலும் கை தூக்காது. சந்தோசமா மேடம்?"

ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம். இதுவும் தப்பு என்று சொல்ல எனக்கே பாவமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். முன்பாரம் எல்லை மீறினால் ஜீப்பின் முன் சக்கரங்களுக்கு வேலையே இருக்காது, ஸ்டியரிங் காற்றில் சுற்றும். அவரையே டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஷெட் வாசலிலேயே ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னேன். ஒரு விரலால் திருப்பினார். திருப்பிவிட்டு விரலைப் பார்த்தார். இறங்கிப் போய்ச் சாமானை இறக்க ஆரம்பித்தார்.

தொட்டிக்கு ஒரு வழி செய்தோம். சக்கரத்துக்கு நேர் மேலே, கட்டிலுக்குக் கீழே அதை மாற்றினோம். பாரம் சக்கரத்தின் மேலேயே இருந்தால் தண்ணீர் நிறைந்தாலும் தீர்ந்தாலும் கொக்கிக்கு ஒன்றுதான். போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி வரும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எந்த கேம்பர் டிரெய்லரையும் வாங்காதீர்கள். திரைச்சீலை நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாமானை இறக்கி மறுபடி ஏற்றிய அன்றைக்குத் தாமதமாகப் போனதற்கு அஞ்சலையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அவர் புண் ஆழம் குறைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டு வந்தது. ஸ்டெல்லா அதைச் சொன்னபோது அஞ்சலை, "என் காலு, எனக்குத் தெரியாதா" என்றார்.

மழைக்காலம் முடிந்து மறுபடி உப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு, அடுத்த வருடம், நன்கொடை கொடுத்தவர்கள் பொட்டி வண்டியைப் பார்க்க வந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை நான் ஷெட்டுக்குப் போனபோது டிரெய்லரின் பின்பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் ஒரு டீசல் ஜெனரேட்டர் உட்கார்ந்திருந்தது. மேலே நன்கொடையாளர் பெயர்ப் பலகை. உள்ளே ஃபேன் ஓடட்டும் என்று செயலாளர் முந்தின நாள் என்னிடம் சொல்லாமல் வெல்டிங் கடைக்கு அனுப்பிச் செய்திருக்கிறார். நோக்கம் நல்ல நோக்கம்தான். வைத்த இடம்தான் எமன்.

"ஜெனரேட்டரை எறக்கணும் சார்."

"இன்னைக்கு ஒரு நாள்மா. அவங்க பார்த்துட்டுப் போகட்டும். நாளைக்கு நீங்க எங்க வேணா வைங்க."

"இன்னைக்குத்தான சார் ரோட்டுல போறோம்."

"மெதுவாப் போங்க."

"நான் மெதுவாப் போவேன். பின்னாடி வர்ற பஸ்காரன்கிட்ட யாரு சொல்றது?"

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை பேர் முன்னாடி இப்படிப் பேசறது நல்லாயில்ல."

"இத்தனை பேரு முன்னாடி பாத்தியில கவுந்தா நல்லா இருக்குமா சார்?"

"சாவியக் குடுங்க. என் கார் டிரைவர் ஓட்டுவாரு. நீங்க வீட்டுக்குப் போலாம்."

கொடுத்தேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போவதைவிட அது மேல் என்று தோன்றியது.

"ஏழுமலை, கொக்கிய மாட்டு" என்றார் செயலாளர்.

ஏழுமலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். வழக்கம்போல முன்கட்டையை ஒற்றைக் கையால் பிடித்தார். அது அப்படியே எழும்பி வந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கை தூக்குது சார்."

அந்த வார்த்தையைச் செயலாளர் எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறார். "அப்புறம் என்ன, நல்லாத்தான இருக்குது? மாட்டு."

"அது அப்ப சார். இப்பத்திக்குக் கை தூக்கினா போவக் கூடாது. நான் மாட்ட மாட்டேன்."

மெதுவாக அதைத் தரையில் இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அந்தக் கூட்டத்தில் அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா கட்டுப்போடுகிற பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "சார், அஞ்சலைக்கு இன்னைக்குக் கட்டு மாத்தணும். நான் பஸ்ஸுல போறேன்" என்றாள்.

மூன்று பேரும் பஸ் பிடித்தோம். ஏழுமலை தலையில் ஒரு குடம் நல்ல தண்ணீர், என் கையில் ஒரு போர்வை. உப்பளத்தில் இறங்கி நடந்தபோது அஞ்சலை எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க உங்க பொட்டி?"

"கோவிச்சுக்கிட்டு வீட்டுல இருக்குது" என்றேன்.

நானும் இன்னொரு பெண்ணும் போர்வையை விரித்துப் பிடித்தோம். ஏழுமலை முதுகைக் காட்டிக்கொண்டு தூரப் போய் நின்றார். "துணியப் புடிச்சா கதவாயிடுமா" என்று முணுமுணுத்துக்கொண்டே அஞ்சலை பாதத்தை நீட்டினார். ஸ்டெல்லா கழுவிக் கட்டுப் போட்டாள். காற்றில் போர்வை பறந்து பறந்து விழுந்தது. மற்றவர்கள் வந்து தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஷெட்டில் நடந்ததைக் கார் டிரைவர் பிறகு சொன்னார். விருந்தினர்களை ஜீப்பில் ஏற்றுவதற்கு முன்னால், தானே கொக்கியை மாட்டி, செயலாளரை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். வானூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். எதிரில் ஒரு லாரி வந்திருக்கிறது, கண்ணாடியில் பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிந்திருக்கிறது. இருவரும் ஊர்கிற வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். நான் மணிக்கணக்கில் சொல்லியும் நம்பாதவர் அந்த சீட்டில் உட்கார்ந்ததும் நம்பிவிட்டார். அதற்காக நான் அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உட்காராமலேயே கடைசி வரை வாதாடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகச் சொன்னவர் திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு ஷெட்டுக்குப் போனேன். ஜெனரேட்டர் ஒரு மூலையில் இருந்தது, பெயர்ப் பலகை கதவுக்கு மேலே ஏறியிருந்தது. செயலாளர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏழுமலை பொட்டி வண்டியை ஏற்றி முடித்திருந்தார்.

"நீங்களே தூக்கிப் பாருங்க மேடம்" என்றார்.

ஒற்றைக் கையால் பிடித்து இழுத்தேன். மறு கையையும் கொடுத்தேன். அசையவில்லை.

"தூக்கல" என்றேன்.

"அப்ப மாட்டலாம்" என்றார் ஏழுமலை.

செயலாளர் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் மன்னிப்பு கேட்கவில்லை, நான் நன்றி சொல்லவில்லை.

வெயில் ஏறுவதற்குள் உப்பளத்துக்குப் போய்விட்டோம். அஞ்சலை பாத்தியிலிருந்து ஏறி, வரிசையில் நின்ற எல்லோரையும் தாண்டி நேராக வந்தார். என்னைப் பார்த்து, "கோவம் தீந்துச்சா உம் பொட்டிக்கு" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் படியில் ஏறி உள்ளே போனார். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார், லாரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டார் அஞ்சலை.

அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்காக இன்னும் எத்தனை தடவை சாவியைப் பிடுங்கினாலும் கொடுப்பேன். முன்பாரம் இல்லாத வண்டியை மட்டும் இழுக்க மாட்டேன்.